விலை கேட்பவனும் கேளாதவனும்

கடைக்குப் போகிறவன் "விலை என்ன?" என்று கேட்பதை யாரும் குற்றமென்று சொல்லமாட்டார்கள். ஈப்போ மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கவந்த ஓர் அம்மாள் நான்கு கடைகளில் விசாரித்துவிட்டு ஐந்தாவது கடையில் வாங்கினால், அவளைக் கெட்டிக்காரி என்றே சொல்லுவோம். ஆனால் அந்த அம்மாளின் மகன், தன் மோட்டார் வண்டிக்கு வருஷந்தோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது என்ன செய்கிறான்? வழக்கமான இடத்திலிருந்து ஒரு காகிதம் வருகிறது. அதில் கண்ட தொகையை வாய் திறவாமல் கட்டிவிட்டுச் சாலை வரியையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். சென்ற வருஷத்தைவிட அறுபது வெள்ளி கூடியிருந்தால், "அரிசி ஏறுகிறது, எண்ணெய் ஏறுகிறது, இது மட்டும் ஏறாதா?" என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறான். தாய் கத்தரிக்காயில் மிச்சப்படுத்திய ஐம்பது காசை மகன் நூறு மடங்காக விட்டுவிடுகிறான்.

இதில் புத்தியீனம் இருக்கிறதென்று சொல்லி நிறுத்திவிட்டால் விஷயம் எளிதாகிவிடும். நாம் கேட்க விரும்புவது வேறு. ஒரே விதமான வண்டி, ஒரே விதமான ஓட்டம், ஒரே விதமான பாதுகாப்பு. நாலு இடத்தில் விலை கேட்டவன் 400 வெள்ளியில் முடித்துக்கொள்கிறான். கேளாதவன் 480 வெள்ளி கட்டுகிறான். அந்த 80 வெள்ளி எதற்கான விலை? அதை வாங்கிக்கொள்வது நியாயமா?

இதற்கு விடை காணவேண்டுமானால் காப்புறுதி என்பது என்ன வகைப் பொருள் என்பதை முதலில் யோசிக்கவேண்டும். நம் தோட்டங்களில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் இவ்வளவு என்று போட்டு, முறைக்கு ஒருவராக எடுத்துக்கொள்வது. அதில் அவனவன் போட்ட பணம் அவனவனுக்கே திரும்பிவிடும். முந்தி வருமா பிந்தி வருமா என்பதே பேச்சு. மற்றொன்று, லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து அடக்கச் செலவைப் பார்த்துக்கொண்ட வழக்கம். இதில் கொடுத்தவன் எவனும் தன் பணம் திரும்பவேண்டுமென்று பிரார்த்திக்கமாட்டான். திரும்பாதிருப்பதே அவன் பாக்கியம். மோட்டார் காப்புறுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. "பத்து வருஷம் கட்டினேன், ஒரு காசும் திரும்பவில்லை" என்று அங்கலாய்ப்பவர் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மறந்தவர். அவர் கட்டிய பணம், மோதி நொறுங்கிய வேறு ஒருவரின் வண்டிக்கும், உடைந்த வேறு ஒருவரின் காலுக்கும் போய்ச் சேர்ந்தது.

பொதுவில் பணம் போட்டுப் பெரிய காரியம் செய்வது நம்மவர்களுக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், சுங்கை சிப்புட் தந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளர்களே தோட்டங்களுக்குச் சொந்தக்காரர்களானார்கள். அதற்கும் முன்பே, 1954-இல், மலாயாவில் கூட்டுறவு முறையில் ஒரு காப்புறுதிச் சங்கமும் தோன்றியிருந்தது. ஆகையால் பொதுப் பானை என்றால் என்ன என்பதை நம் ஜனங்களுக்கு எவரும் வந்து கற்பிக்கவேண்டியதில்லை. பானையில் யார் எவ்வளவு போடவேண்டும் என்பதுதான் வழக்கு.

மோட்டார் வண்டி விஷயத்தில் இந்த வழக்குக்கு இன்னொரு முனையும் உண்டு. வீட்டுக்கோ உயிருக்கோ காப்புறுதி எடுப்பதும் எடுக்காததும் அவரவர் இஷ்டம். வண்டிக்கு அப்படியில்லை. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மூன்றாம் மனிதனுக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்புறுதி இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக்கூடாதென்கிறது. இந்தக் கட்டாயம் வண்டிக்காரனின் நன்மைக்காக ஏற்பட்டதன்று. காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் மெங்லெம்புத் தொழிற்சாலைக்குப் போகிற ஒருவனை மற்றொருவனின் வண்டி இடித்துத் தள்ளினால், அவன் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாதென்பதற்காக ஏற்பட்டது. 2023-இல் இந்நாட்டுச் சாலைகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்தப் பட்டியலில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பதை நாம் சொல்லவேண்டுமா?

கட்டாயமாக வாங்கவேண்டிய பொருளின் விலை, கத்தரிக்காய் விலையைப் போன்றதாகாது. கத்தரிக்காய் விலை ஏறினால் பூசணிக்காய் வாங்கலாம். இங்கே வண்டியை நிறுத்திவிடலாமென்றால், நிறுத்திவிட்டு எப்படிப் பிழைப்பது? தோட்டத்தில் இருந்தவரையில் வேலைக்காட்டுக்கு நடந்தே போய் நடந்தே வந்தார்கள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டபிறகும், நிலத்தைத் தாமான் கட்ட விற்றபிறகும், பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். வேலை ஒரு மூலையிலும் வீடு ஒரு மூலையிலுமாக ஆகிவிட்டது. பழைய தோட்டத்து ஓரங்களில் பஸ்ஸை நம்பிக் குறித்த நேரத்துக்கு வேலைக்குப் போக முடியாது. ஆதலால் வண்டி இன்று ஆடம்பரமன்று. பால்வெட்டுக் கத்தியைப்போல அதுவும் ஒரு பிழைப்புக் கருவி.

2017-ஆம் ஆண்டுவரை விலை கேட்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்கவில்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விகிதப் பட்டியல். 1,400 சி.சி.-க்கு உட்பட்ட வண்டிக்கு, முதல் ஆயிரம் வெள்ளி மதிப்புக்கு 273 வெள்ளி 80 காசு. அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 வெள்ளி. இருபதினாயிரம் வெள்ளி மதிப்புள்ள ஒரு மைவி வண்டிக்குக் கணக்குப் போட்டால் 767 வெள்ளி 80 காசு வரும். நஷ்டஈடு கேளாமல் ஐந்து வருஷம் ஓட்டியவருக்கு நூற்றுக்கு 55 கழிவு. அவர் கட்டவேண்டியது 345 வெள்ளி 51 காசு. தாசேக்கில் இருப்பவரும் தெலுக் இந்தானில் இருப்பவரும், படித்தவரும் படியாதவரும் இதையே கட்டினார்கள்.

பழைய முறையே நல்லதென்று பலர் பெருமூச்சு விடுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அந்தப் பட்டியல் 1978-க்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் திருத்தப்படாமல் கிடந்து, 2012 முதல்தான் படிப்படியாக உயர்த்தப்பட்டது. இடையில் பட்டறைக் கூலியும் உதிரிப்பாக விலையும் கோர்ட்டுகள் விதிக்கும் நஷ்டஈடும் எங்கேயோ போய்விட்டன. விலையை உயர்த்த முடியாத கம்பெனிகள் கதவைச் சாத்தின. பத்துப் பதினைந்து வருஷத்துப் பழைய வண்டியென்றால் "எங்களால் முடியாது" என்று கையை விரித்தன. எங்கும் இடம் கிடையாத வண்டிகளுக்காக 1992-லேயே கம்பெனிகள் யாவும் சேர்ந்து ஒரு பொதுக் காப்புறுதித் தொகுப்பை ஏற்படுத்தவேண்டி வந்தது. பழைய வண்டி யாருடைய வண்டி? புது வண்டி வாங்க வகையில்லாதவனுடையது. சமமான விலை என்று எழுதிவைத்த வீட்டுக்குள் ஏழையை மட்டும் நுழையவிடாதிருந்தால், அந்தச் சமத்துவத்தை என்னவென்று சொல்லுவது?

நாட்டின் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா இந்த விகிதக் கட்டுப்பாட்டை 2016 ஜூலை முதல் தேதியிலிருந்து தளர்த்தத் தொடங்கி, 2017 ஜூலை முதல் தேதியன்று முழுக் காப்புறுதியின் விலையைக் கம்பெனிகளே நிர்ணயிக்கும்படி விட்டது. மூன்றாம் மனிதனுக்கு மட்டுமான காப்புறுதியை அப்போது அதில் சேர்க்கவில்லை. அதுமுதல் ஒரே வண்டிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விலை சொல்லுகிறது. வண்டியின் வகை, ஓட்டுபவனின் வயது, அவனுடைய விபத்து வரலாறு, வசிக்கும் இடம், திருட்டுத் தடுப்புக் கருவி முதலிய பலவற்றையும் பார்த்து விலை போடுகிறார்கள். உதிரிப்பாகம் ஏறிற்று, வெள்ளம் கூடிற்று, 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து சேவை வரியும் நூற்றுக்கு 6-லிருந்து 8 ஆயிற்று. ஏற்றத்துக்கு இவையெல்லாம் காரணமென்பது உண்மையே. ஆனால் காரணமுள்ள ஏற்றம் வேறு. காரணம் சொல்லமுடியாத வித்தியாசம் வேறு.

வித்தியாசங்களில் நியாயமானது எது? கண்மூடித்தனமாக ஓட்டி மூன்று முறை மோதியவன் அதிகம் கட்டவேண்டுமென்றால் எவரும் மறுக்கமாட்டார். அது அவன் செய்கைக்குக் கூலி. இருபது வயதுப் பையன் அதிகம் கட்டவேண்டுமென்பதில் சற்றுத் தயங்குகிறோம். அந்த வயதினர் அதிகம் மோதுகிறார்கள் என்பது கணக்கு; ஆனால் கணக்கு கூட்டத்தைப் பற்றியது, கட்டணமோ தனி மனிதன் தலையில் விழுகிறது. ஒருவனை அவன் பிறந்த கூட்டத்தைக்கொண்டு மதிப்பிடுவது தவறென்று தலைமுறை தலைமுறையாகப் போராடிய சமுதாயம் இதைக் கேட்டுப் பேசாமலிருக்க முடியாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச்சில், ஆண் பெண் என்ற வித்தியாசத்தைக்கொண்டு காப்புறுதி விலையை மாற்றக்கூடாதென்று தீர்ப்பளித்து, 2012 டிசம்பர் 21 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெண்களுக்கு விலை மலிவாக இருந்ததே, அதைக் கெடுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. மலிவானாலும் பிறப்பைக்கொண்டு வந்த மலிவு என்பதே தீர்ப்பின் கருத்து. நம்மைக் கேட்டால், வயதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம் என்போம். ஏனெனில் இளமை எல்லோருக்கும் வந்து எல்லோரையும் விட்டுப் போவது. இடத்தைப் பொறுப்பது கடினம். வண்டி திருட்டு மலிந்த வட்டாரத்தில் குடியிருப்பவன் திருடனல்லவே! திருட்டால் நஷ்டப்படுகிறவனே அவன்தான்.

இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்ப்போம். ஒவ்வொருவனுக்கும் வரப்போகும் நஷ்டத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, அந்தத் தொகையையே அவனுக்கு விலையாகப் போடும் ஒரு யந்திரம் வந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவனவன் நஷ்டத்தை அவனவனே முன்கூட்டிக் கட்டுகிறான். பொதுப் பானை உடைந்துபோயிற்று. ஆகவே விலையை மேன்மேலும் நுணுக்கிக்கொண்டே போவது நியாயத்தை நோக்கிப் போவதென்று எண்ணுவது தப்பு. ஓரளவுக்கு மேல் அது காப்புறுதியை விட்டே வெளியேறிப் போவதாகும்.

இனி அந்த 80 வெள்ளிக்கு வருவோம். கேளாதவன் அதிகம் மோதுகிறானா? இல்லை. அவன் வண்டி பழுதா? இல்லை. பத்து வருஷமாக ஒரே கம்பெனியை நம்பி இருந்தான் என்பதைத் தவிர அவன்மீது வேறு குற்றமில்லை. விலையைத் தாமே நிர்ணயிக்கும் சுதந்திரம் கம்பெனிகளுக்குக் கிடைத்த எந்த நாட்டிலும் இது நேரக்கூடும். இங்கிலாந்தில் நேர்ந்தே இருக்கிறது. புதிதாக வருபவனை இழுக்க விலையைத் தாழ்த்திக்காட்டி, அவன் பழகிப்போனபின் வருஷத்துக்கு வருஷம் சிறிது சிறிதாக உயர்த்தி, இவன் இனிப் போகமாட்டான் என்று கண்டவனிடம் அதிகம் வாங்கினார்கள். வீட்டுக் காப்புறுதியிலும் மோட்டார் காப்புறுதியிலும் 60 லட்சம் பேர் இவ்வாறு மிகை விலை கட்டினார்களென்றும், அவர்களுக்கு உரிய விலையே போடப்பட்டிருந்தால் 2018-ஆம் ஆண்டில் 120 கோடி பவுன் மிஞ்சியிருக்குமென்றும் அந்நாட்டு நிதி ஒழுங்கு அதிகார சபை கணக்கிட்டது. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து, பழைய வாடிக்கைக்காரனிடம், அவன் அன்று புதிதாக வந்திருந்தால் என்ன கேட்பார்களோ அதற்குமேல் கேட்கக்கூடாதென்று விதியும் செய்தது.

எந்த நாட்டுக்கும் பொருந்தக்கூடிய விதி இது என்பது நம் அபிப்பிராயம். நாம் மேலே பார்த்த வித்தியாசங்களுக்கெல்லாம் ஏதோ ஓர் அபாயக் கணக்காவது ஆதாரமாக உண்டு. இதற்கு மட்டும் ஓர் ஆதாரமும் கிடையாது. கேளாமையின் மேல் போட்ட வரி இது. அந்த வரியைக் கட்டுகிறவர்கள் யார்? கைப்பேசியில் நாலு கம்பெனியின் விலையைத் தட்டிப் பார்க்கத் தெரியாத முதியவர். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் காகிதத்தைப் பிறரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் அம்மாள். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிற தொழிலாளி. விலை கேட்டுத் திரிய நேரமும் எழுத்தும் உள்ளவனுக்கு மலிவும், இல்லாதவனுக்கு ஏற்றமுமாகப் போட்டால், பொதுப் பானையில் அதிகம் போடுகிறவன் ஏழை, குறைத்துப் போடுகிறவன் கெட்டிக்காரன் என்றாகிறது.

அப்படியானால் கேட்டு வாங்குகிறவன் பிறன் பணத்தில் மிச்சம் பிடிக்கிறானா? இப்படிச் சிலர் வாதிக்கிறார்கள். நமக்கு அது சரியென்று தோன்றவில்லை. நாலு இடத்தில் கேட்கிறவனால்தான் கம்பெனிகள் விலையை இழுத்துப்பிடித்து வைத்திருக்கின்றன. எவனுமே கேட்காவிட்டால் எல்லோருக்குமே 480 வெள்ளிதான். குற்றம் கேட்டவனிடத்தில் இல்லை. கேட்டால்தான் நியாயம் என்று வைத்திருக்கும் ஏற்பாட்டிலே இருக்கிறது.

நன்றி, விசுவாசம் என்று சொல்லித் தயங்குகிறவர்களும் உண்டு. "நம்ம அண்ணன்தான் இத்தனை வருஷமாகப் போட்டுத் தருகிறார், அவரை விட்டு எப்படிப் போவது?" என்கிறார்கள். இந்தத் தயக்கத்தை நாம் இகழமாட்டோம். விபத்து நடந்த ராத்திரியில் போலீஸ் நிலையத்துக்குக் கூட வந்தவர் அந்த ஏஜெண்டு அண்ணன்தான். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் புகார் எழுதவேண்டுமென்று சொன்னவரும், பாரத்தை நிரப்பிக் கொடுத்தவரும் அவரே. 345 வெள்ளியில் அவருக்குக் கிடைப்பது வழக்கமாக நூற்றுக்குப் பத்து, ஏறக்குறைய 35 வெள்ளி. அவர் வேலைக்கு அது அதிகமன்று. ஆனால் அண்ணனுக்குப் பட்ட நன்றியைக் கம்பெனிக்குப் பட்ட நன்றியாக மாற்றிக்கொள்வது ஏன்? "அண்ணே, இந்த வருஷம் ஏறிப்போச்சு, வேறு கம்பெனியிலும் கேட்டுச் சொல்லுங்கள்" என்று அவரிடமே சொல்லலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிக்கு ஏஜெண்டாக இருப்பவர் கேட்டுச் சொல்லுவார். நம்பிக்கையை மனிதனிடத்தில் வைக்கலாம், விலைச்சீட்டினிடத்தில் வைக்கவேண்டியதில்லை.

மலிவு தேடுவதில் கெட்ட வழிகளும் இருக்கின்றன. அவற்றையும் சொல்லாமல் விட்டால் நாம் ஒருபக்கம் பேசியவர்களாவோம். இருபதினாயிரம் மதிப்புள்ள வண்டியைப் பதினையாயிரம் என்று எழுதிவைத்துச் சிக்கனம் பிடிக்கிறவர், நாலாயிரம் வெள்ளிப் பழுதுக்கு மூவாயிரமே கிடைக்கும்போது கம்பெனியைத் திட்டுகிறார். மகன் ஓட்டும் வண்டியைக் கழிவு அதிகமுள்ள தகப்பன் ஓட்டுவதாக எழுதுகிறவர், தன் வீட்டுச் சுமையை மற்றவர்கள் பானையில் இறக்குகிறார். அது பொய், அதற்கு வேறு பெயரில்லை. வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பை வெட்டினால் விலை இறங்கும் என்பது மெய். முழுக் காப்புறுதியில் வெள்ளம் தானே அடங்கியிருக்கிறது என்று நம்பினவர்கள், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீமூடாவில் வண்டிகள் கூரைவரை முழுகியபோதுதான் அதைத் தனியே கேட்டு வாங்கவேண்டுமென்று அறிந்தார்கள். எல்லாவற்றிலும் கொடியது காப்புறுதியே இல்லாமல் ஓட்டுவது. அவ்வாறு ஓட்டுகிறவன் மிச்சப்படுத்துவது தன் பணத்தையல்ல, இடிபடப்போகிறவனின் காலை. காப்புறுதியற்ற வண்டியால் கெட்டுப்போனவர்களுக்கு உதவவென்று 1968 முதல் ஒரு மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பு உண்டென்றாலும், அது உரிமையாகக் கேட்டு வாங்கும் பணமன்று.

கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நஷ்டஈடு கேளாத முதல் வருஷத்துக்கு 25, பிறகு 30, 38⅓, 45, 55 என்று ஐந்து வருஷத்தில் ஏறும் இந்தக் கழிவு, தன் தவறால் நேர்ந்த பழுதுக்கு ஒரு முறை பணம் கேட்டதும் பூஜ்யமாகிவிடுகிறது. மேலே சொன்ன மைவிக்கு, அடிப்படை விலை மாறாதென்று வைத்துக்கொண்டால், மறுபடியும் 55-ஐ எட்டும்வரையில் ஏற்படும் மொத்த நஷ்டம் 1,049 வெள்ளி. 600 வெள்ளிப் பழுதுக்கு நஷ்டஈடு கேட்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு கேட்கவேண்டும். இது தெரியாமல் கேட்டவர்களும் நம்மிடையில் இருக்கிறார்கள். கேட்கலாமென்றே தெரியாமல், பிறர் இடித்த வண்டியைத் தன் காசில் சீர்செய்தவர்களும் இருக்கிறார்கள்.

அரசாங்க விதி வருகிறபோது வரட்டும். அதுவரையில் கேளாதவர்களுக்காகக் கேட்கிறவர்கள் வேண்டும். பழைய தோட்டங்களில் கடிதம் வந்தால் கிராணியிடமோ வாத்தியாரிடமோ கொண்டுபோய் வாசிக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. இன்று ஒவ்வொரு தாமானிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயில் மண்டபமும் பள்ளிக்கூடக் கட்டிடமும் மாலையில் சும்மா கிடக்கின்றன. காப்புறுதி முடிவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னே காகிதத்தை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி, மதிப்பு சரியா, கழிவு சரியா, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, ஓட்டுகிறவர்களின் பெயரெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, மூன்று கம்பெனியில் ஒரே மதிப்புக்கும் ஒரே பாதுகாப்புக்கும் விலை கேட்டு எழுதிக் கொடுக்க ஒருவருக்கு அரைமணி நேரம் போதும். இந்த மாதம் யாருக்கு முடிகிறது, அடுத்த மாதம் யாருக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்துக்கொண்டால், தனியாக விடப்பட்ட பாட்டன்மாரின் பழைய சாகாக்களும் அதில் விட்டுப்போகாமல் இடம்பெறும்.